மூன்றரை கிராண்ட்: ஒரு பொருளாளரின் மதிப்புரை

போன வாரம் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். புதிதாக நுகர்வோர் சங்கம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்களாம். "அக்கா, கிராண்ட் யார்கிட்ட கேட்கலாம், யார் நல்லா தர்றாங்க?" என்றார், ஏதோ கிரைண்டர் வாங்கப் போகிறவர் எந்தக் கம்பெனி உழைக்கும் என்று விசாரிக்கிற மாதிரி. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், ஏன் கேட்கக் கூடாது? ஊரில் உள்ள பொருளுக்கெல்லாம் தரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள், எங்களுக்கு வருகிற நிதியுதவியின் தரத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. கொடுத்தவரைக் குறை சொன்னால் அடுத்த வருடம் வராது என்ற பயம்தான். எனக்கு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது, எழுதுகிறேன். கொடுத்தவர்கள் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. மார்ச் முதல் வாரத்திலேயே சாத்தூரில் எங்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். டெலிபோன் பில் கணக்குப் பார்த்தவள் இதையும் பார்ப்பாள் என்ற நம்பிக்கை. மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாத்திரக் கடை மாடியில் ஒரு அறை, ஒரு பீரோ, இரண்டு மேசை. சனிக்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஒருவர் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுப்பார். அவர் முன்பு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். எல்லோரும் சனிக்கிழமை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டுவந்த பில்லை விரித்து வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் அழுது முடிக்கும்வரை பேனாவை எடுக்க மாட்டார். அந்த நாற்காலிதான் எங்கள் மன்றம். மற்றதெல்லாம் போர்டு.

முதல் கிராண்ட், நான் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய நகரத்து அமைப்புக்கு வெளிநாட்டு நிதி வரும். அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்ன மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பாக்கெட் உணவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பெண்கள் குழுக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் வேலை. இந்தக் கிராண்டில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. "களப்பணியாளர் மதிப்பூதியம், மாதம் 8,000." சனிக்கிழமை அக்காவுக்கு ஒழுங்காகச் சம்பளம் என்று ஒன்று வந்தது அப்போதுதான். அறிக்கை ஆங்கிலத்தில் கேட்பார்கள், அது தலைவலி. மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் டாண் என்று வரும்.

அது நின்றது அவர்கள் குற்றமில்லை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்துகிற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்கு ஒரு திருத்தம் 2020 செப்டம்பர் 29 அன்று அமலுக்கு வந்தது. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு, அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆகிவிட்டது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 20 சதவீதமாக்கினார்கள். பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு கிளைக்குத்தான் என்றும் வைத்தார்கள். நாங்களே நேராக வெளிநாட்டில் கேட்டுக்கொள்ளலாமே என்றால், சாத்தூர் மாடி அறைக்கு டெல்லியில் கணக்கு திறந்து, பதிவு வாங்கி... விடுங்கள். நான் பொறுப்பேற்று ஏழாவது மாதம். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சரி, சனிக்கிழமை சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். இருந்தவரைக்கும் என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு.

இரண்டாவது, அரசுப் பணம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு கம்பெனி தவறுதலாகக் கூடுதல் வரி கட்டிவிடுகிறது. கேட்டால் அரசு திருப்பித் தர வேண்டும். ஆனால் அந்த வரியைக் கம்பெனி ஏற்கெனவே சோப்பு, பேஸ்ட் விலையில் சேர்த்து நம்மிடம் வசூலித்துவிட்டது. திருப்பிக் கொடுத்தால் கம்பெனிக்கு இரட்டை லாபம். நமக்குக் கொடுக்கலாம் என்றால், 1 ரூபாய் 20 காசு அதிகம் கொடுத்த லட்சம் பேரை எங்கே போய்த் தேடுவது? அதனால் அந்தப் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகிறது. 1991-இல் கலால் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழி செய்தார்கள், 1992-இல் விதிகள் வந்தன. இப்போது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 57-ஆவது பிரிவில் இருக்கிறது. வரி குறைந்தும் விலையைக் குறைக்காமல் அமுக்கியவர்களிடம் பிடிக்கிற பணம், வாங்கியவர் யாரென்று தெரியாவிட்டால், மத்திய நிதிக்குப் பாதி, மாநில நிதிக்குப் பாதி.

எங்கள் பழைய துறையிலும் இதே கதைதான். சந்தாதாரரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தர முடியாத டெபாசிட், அதிகமாகப் போட்ட பில், இவற்றையெல்லாம் தொலைபேசிக் கம்பெனிகள் ஒரு நுகர்வோர் கல்வி நிதியில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல் விதி கொண்டுவந்தது. வங்கியில் பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட், 2014 முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போகிறது. டெபாசிட் போடுகிறவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட அதிலிருந்து செலவு செய்யலாம். (உரியவர் பின்னால் வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். உங்கள் அப்பாவின் பழைய பாஸ்புக் இருந்தால் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள்.) ஆக, நாட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் சில்லறையெல்லாம் நம் பெயரில்தான் சேர்கிறது. ஆனால் அதில் ஒரு கைப்பிடி வாங்கப் போனால், ஒவ்வொரு டீக்கும் கணக்கு.

நுகர்வோர் நல நிதியில் கேட்பதற்கு மூன்று வருடமாவது வேலை செய்த பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்தத் தம்பி இப்போதைக்கு அதை மறந்துவிடலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நுகர்வோர் வழக்கு போட்டு இறுதித் தீர்ப்பு வாங்கிய தனிநபர்கூட, வழக்குச் செலவைத் திருப்பித் தரும்படி இந்த நிதியில் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருக்கிறது.

எங்களுக்கு வந்தது 2022-இல், விழிப்புணர்வு முகாமுக்காக 40,000 ரூபாய். எந்த அலுவலகம், எந்தத் திட்டம் என்று வேண்டாம். தர்பன் நம்பர் (தொண்டு அமைப்புகளுக்கு அரசுத் தளத்தில் கொடுக்கிற பதிவு எண்), பான், பதிவுச் சான்று, மூன்று வருட ஆடிட் அறிக்கை, செயற்குழுத் தீர்மானம், எல்லாம் கொடுத்தோம். பாதிப் பணம் முதலில், மீதி கணக்கு காட்டிய பிறகு. எதற்குச் செலவு செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஃபிளெக்ஸ் பேனர், மைக் செட், சிற்றுண்டி, நோட்டீஸ், பேச்சாளர் பயணப்படி. முகாம் முடிந்த பிறகு, அங்கே கையைத் தூக்கி "எனக்கும் இப்படி ஆச்சு" என்று சொன்ன ஆள் அடுத்த சனிக்கிழமை மாடி ஏறி வருவாரே, அவருக்குப் புகார் எழுத ஒரு பைசா இல்லை. தூண்டில் வாங்கக் காசு உண்டு, மீனை எடுக்க ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்து ஹாலில் முகாம். தலைமை ஆசிரியருக்குப் பொன்னாடை போடாமல் எப்படி? பட்டியலில் பொன்னாடை இல்லை. என் கைக்காசு 150. டீக்கடைக்காரரிடம் எண்பது டீக்கும் எண்பது போண்டாவுக்கும் பில் கேட்டேன். "யக்கா, டீக்கு எதுக்கு பில்லு? குடிச்சாச்சுல்ல?" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை, கடை முத்திரை வேண்டுமாம். அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்ததும் நான்தான், 120 ரூபாய். இன்றைக்கும் அதை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே உள்ள அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பயன்பாட்டுச் சான்றிதழ், எங்கள் பாஷையில் யூ.சி., 12-ஏ படிவத்தில் ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்தேன். கையெழுத்துக்கு 3,500. இரண்டாவது பாதி வந்து சேர 14 மாதம் ஆனது. அதற்குள் மைக் செட்காரர் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். என் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இதற்கு நடுவில் ஒரு கடிதம்: மானியத் தொகை சேமிப்புக் கணக்கில் கிடந்த காலத்தில் வந்த வட்டியை அரசுக்குத் திருப்பிச் செலுத்தவும். விதிப்படி சரிதான், மானியத்துக்கு வரும் வட்டி அரசுடையது. வட்டி 38 ரூபாய். அரசுக்குப் பணம் கட்டுகிற பாரத்கோஷ் தளத்தில் கட்டி, ரசீதை அச்செடுத்து, ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். மீதிப் பாதியைப் பதினாலு மாதம் வைத்திருந்தவர்கள் அதற்கு வட்டி எதுவும் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பணம் கடைசியில் வந்துவிட்டதற்காக.

அரை கிராண்ட் என்றது மூன்றாவது. வாங்கவில்லை, வாங்காமல் சண்டை மட்டும் போட்டோம். வீட்டுச் சாமான் விற்கும் ஒரு நிறுவனம் சி.எஸ்.ஆர். நிதியில், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற பணத்தில், ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றது. நுகர்வோர் கல்வியைச் சி.எஸ்.ஆர். செலவில் சேர்க்கலாம் என்று 2014-இலேயே மத்திய அரசு சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது, சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. வருமான வரிச் சலுகைக்கான எங்கள் 12ஏ, 80ஜி பதிவும் புதுப்பித்து ரெடியாக இருந்தது. ஒரே சிக்கல், அதே வாரம் அந்த நிறுவனத்தின் ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு புகார் சனிக்கிழமை அக்காவின் மேசையில் இருந்தது. செயற்குழு மூன்று மணி நேரம் நடந்தது. "புகார் புகாரா இருக்கட்டும், பணம் பணமா இருக்கட்டும்" என்றார் தலைவர். பேனரில் அவர்கள் பெயர் இருக்கும், பேனருக்குக் கீழே உட்கார்ந்து அவர்கள் மேல் புகார் எழுத வேண்டும், வருகிற ஆள் என்ன நினைப்பார் என்று நான் கேட்டேன். 1966-இல் மும்பையில் ஒன்பது பெண்கள் கூடி இந்தியாவின் முதல் நுகர்வோர் அமைப்புகளில் ஒன்றைத் தொடங்கினார்களே, அவர்களிடம் யார் பேனர் பிடித்தது என்று ஒரு போடு போட்டேன். வாக்கெடுப்பில் பணம் வேண்டாம் என்று முடிந்தது. தலைவர் இன்னமும் மின்சார பில் வரும்போதெல்லாம் "அந்த ஒன்றரை லட்சம்..." என்று இழுப்பார். இதற்கு மதிப்பெண் போட முடியாது. என் நிலையிலும் கொஞ்சம் வீம்பு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இனி நான்காவது. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு குடும்ப அறக்கட்டளை. மில் வைத்திருந்த குடும்பம், இப்போது மில் இல்லை, அறக்கட்டளை மட்டும் இருக்கிறது. விண்ணப்பம் இரண்டு பக்கம், தமிழில், கையால் எழுதினாலும் சரி என்று போட்டிருந்தது. அனுப்பிய மூன்றாவது வாரம் ஒரு அம்மா போன் செய்தார். குறிக்கோள் என்ன, தொலைநோக்கு என்ன என்று கேட்பார் என்று காகிதம் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது: "சனிக்கிழமை யார் உட்கார்றாங்க? அவங்களுக்கு பஸ் காசு யார் கொடுக்குறா?" எனக்கு ஒரு நிமிடம் பதில் வரவில்லை.

60,000 ரூபாய், ஒரே தவணையில் வந்தது. அக்காவுக்கு மாதம் 1,500 வீதம் 18,000. சம்பளம் என்று சொல்ல முடியாது, ஆனால் யாரோ அந்த நாற்காலியை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். புகார் படிவம் அச்சடிக்க, தபால் அனுப்ப, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வர. எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அங்கேதான். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது, ஆனால் சாத்தூரிலிருந்து சிவகாசி போய் பஸ் மாறிப் போவதற்குக் கட்டணம் உண்டு. மகளிர் இலவச டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பத்தரை மணிக்கு ஆணைய வாசலை மிதிக்க முடியாது. ஒரு தையல்காரப் பெண்ணின் மிஷின் வழக்குக்கு ஆறு வாய்தா. ஆறு தடவையும் அக்கா கூடவே போனார். பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு தரவும் உத்தரவு வந்தது.

பஸ் டிக்கெட்டில் ஒரு பாடம் கற்றேன். இப்போதெல்லாம் மிஷினில் அடிக்கிற டிக்கெட், சூடுபட்டால் எழுத்து மறைந்துவிடுகிறது. எங்கள் வெயிலுக்கு பீரோவுக்குள்ளேயே வெளுத்துவிட்டது. வருடக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் ஒட்டிவைத்த முப்பது டிக்கெட்டும் வெறும் வெள்ளைக் காகிதம். அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அன்னைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, போதும்" என்றார். அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு தொங்கு தராசும் வாங்கினோம், எலெக்ட்ரானிக். முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை போட்டு வாங்கினோம். இல்லையென்றால் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே நம்மைக் கவிழ்த்துவிடுவார். முதல் வேலை, எங்கள் தெருவில் சிலிண்டர் எடை. வீட்டுச் சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒவ்வொன்றுக்கும் வேறு, மேலே வளையத்தைத் தாங்குகிற பட்டையில் எழுதியிருக்கும். பக்கத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும், அது அடுத்த சோதனைக் கெடு. டி என்றால் அந்த வருட டிசம்பர் வரை.

இரண்டு பையன்கள் கம்பில் தராசை மாட்டித் தூக்க, டெலிவரி தம்பி கைகட்டி நின்றார். பன்னிரண்டு சிலிண்டர் சரியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பதிமூன்றாவது ஒரு பாட்டியுடையது. பட்டையில் 15.6 என்று இருந்தது. ஆக, 29.8 காட்ட வேண்டும். தராசு 28.9-இல் நின்றது. பையன்கள் ஆட்டிவிட்டார்கள் என்று இறக்கி, மறுபடி தூக்கினோம். 28.9. பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முக்காக் கிலோவா?" என்றார். "தொள்ளாயிரம் கிராம், பாட்டி." "ஒரு வாரச் சோறு" என்றார். டெலிவரி தம்பி ஒரு வார்த்தை பேசாமல் வண்டியிலிருந்து வேறொன்றை இறக்கி அவராகவே தராசில் மாட்டினார். அந்தத் தெருவில் இப்போது அவரே தராசு கொண்டுவருகிறார். டெலிவரியின்போது எடை போட்டுக் காட்டக் கேட்பது நம் உரிமை என்று எத்தனை பேனர் கட்டியிருப்போம்!

குறை இல்லாமல் இல்லை. பயனாளியின் போட்டோ கேட்டார்கள், அதுவும் சிரித்த முகமாக. கேஸ் குறைந்த பாட்டி எதற்குச் சிரிக்க வேண்டும்? அனுப்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. பெரிய குறை, ஒரு வருடம்தான். ஒருமுறை வாங்கியவர்கள் இரண்டு வருடம் விட்டுத்தான் மறுபடி கேட்கலாம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை புதுப்பிக்க வேண்டும். தராசு வாங்கப் பணம், அடுத்த முத்திரைக்குப் பணம் இல்லை. அக்காவின் 1,500-ம் பதின்மூன்றாவது மாதம் நின்றது. இப்போது நாங்கள் ஏழு பேர் மாதம் ஆளுக்கு 200 போட்டுக் கொடுக்கிறோம், நூறு குறைகிறது. ஐந்துக்கு நாலரை போடலாம் என்றிருந்தேன், இதை நினைத்து நாலு.

தம்பிக்கு இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தை மட்டும் அனுப்பினேன், கூடவே என் வவுச்சர் மாதிரி ஒன்று. முதலில் உங்கள் ஊர் டீக்கடைக்காரரிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதுக்குக்கா என்று கேட்டார்.